ஹாரிஸ்மித்துக்கு அப்பால் இரண்டு இரவு

மூன்றாம் முறையாகப் பையைத் தராசில் ஏற்றுகிறேன்.
டின் மீன் சேர்க்காமலே பதினாலு கிலோ.
குளியலறைத் தராசு பொய் சொல்லும் என்கிறாள் கோகிலம்,
அவள் எடையை அது சொன்ன நாளிலிருந்து.

சாட்ஸ்வொர்த்தில் இன்று எட்டு மணிக்கு மின்வெட்டு.
அதற்குள் பாதையை முடிவு செய்தாக வேண்டும்.
சாப்பாட்டு மேசையில் டிராக்கன்ஸ்பெர்க்
சுருண்டு சுருண்டு எழுகிறது.
மூலைக்கு ஒரு டின் மீனாக
நான்கு வைத்து அமுக்கியிருக்கிறோம்.
தண்டெகா விரலால் நடந்து காட்டுகிறாள்:
"இங்கே காரை விடுகிறோம். இங்கே சங்கிலி ஏணி.
நூறு படி. கீழே பார்க்காதே."

எக்ஸ்ரே அறையில் முப்பது வருஷம்
ஊரார் முட்டியெல்லாம் பார்த்தவள் நான்.
போன வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில்,
யாருக்கும் சொல்லாமல் என் முட்டியைப் படம் எடுத்தேன்.
ஏறிவிடலாம்.
இறங்குவதைப் பற்றிப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மலை இறங்கி மறுநாள்
லிண்ட்லி பக்கம் ஒரு பண்ணை.
அதன் புல்வெளியில் பழைய கல்வீடுகள்:
சுவரும் கல், கூரையும் கல்.
மரமே இல்லாத சீமையில் வேறென்ன செய்வார்கள்.
தேன்கூட்டைக் கவிழ்த்த மாதிரி என்கிறது கையேடு.
இட்லியை என்கிறாள் கோகிலம்.
முந்நூறு வருஷமா, ஐந்நூறா,
புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது.
வாசல் முழங்கால் உயரம்தான்,
தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும்.
மறுபடியும் முட்டி.

பண்ணைக்காரிக்குப் போன் போட்டேன்.
கூடாரம் அடிக்கலாமா?
"தாராளமாக. எத்தனை இரவு?"

பதில் வர நேரமாயிற்று எனக்கு.

எழுபத்தொன்பதில் இதே சாலையில்
அப்பா ஜோஹன்னஸ்பர்க்குக்குக் கார் ஓட்டினார்.
வான் ரீனன் கணவாய் ஏறும்போதே
கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.
ஃப்ரீ ஸ்டேட்டை இந்தியர் கடந்து போகலாம்,
தங்கக் கூடாது.
ஒரு மாகாணம் முழுக்க
ராத்திரி எங்களுக்கு இல்லை.
பின்சீட்டில் ஒன்பது வயது எனக்கு,
அடிவயிறு முட்டிக்கொண்டு வருகிறது.
அவர் நிறுத்தவில்லை.
அம்மா காலி ஓரோஸ் பாட்டிலை நீட்டினாள்.
வால் ஆற்றுப் பாலம் தாண்டிய பிறகுதான்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார் அப்பா.

அந்த மலை அன்றைக்கும்
இடப்பக்கம் இருந்திருக்கும்.
நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹலோ, இருக்கிறீர்களா?"
இரண்டு இரவு, என்றேன்.
ஒன்று போதுமாயிருந்தது.

மலைப் பதிவேட்டின் படிவத்தைத்
தண்டெகா மூன்று பிரதி கொண்டுவந்திருக்கிறாள்.
பெயர். வயது. ஆபத்தென்றால் யாருக்குச் சொல்ல.
மைத்துனர் பெயரை எழுதினேன்,
"ஐம்பது தாண்டி இதெல்லாம் எதற்கு" என்றவர்,
தூக்கத்தில் எழுப்பினால் சரியாயிருக்கும்.
எத்தனை பேர். எத்தனை இரவு.
அடுத்த கட்டத்தில்: நிறம்.

என் பேனா நின்றது.
எதிரே கோகிலத்தின் பேனாவும்.
ஒருவரையொருவர் நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

தண்டெகா கண்ணாடியை மூக்கில் ஏற்றி
மேல்வரியோடு சேர்த்துப் படித்தாள்:
"கூடாரத்தின்."
ஹெலிகாப்டரில் தேடி வருகிறவர்களுக்காக.

முதலில் சிரித்தது அவள்தான்.
பிறகு கோகிலம் மேசையைத் தட்டித் தட்டி,
பிறகு கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால்
எங்கள் தரையைத் தட்டும்வரை மூவரும்.
கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.
ஆரஞ்சு, என்று எழுதினேன்,
கட்டத்துக்கு வெளியே நீள.

எட்டு அடித்ததும் விளக்குப் போயிற்று.
நெற்றிவிளக்கைச் சோதிக்க இதைவிடச் சமயம் ஏது?
மூன்றில் இரண்டுதான் எரிந்தன.
பேட்டரி, ஆறு,
பட்டியலில் இருட்டிலேயே கிறுக்கினேன்.
அதற்கு ஈடாக எதையாவது குறைக்க வேண்டும்,
கையை நீட்டி ஒரு டின் மீனை எடுத்தேன்.

அந்த மூலையில்
மலை சுருண்டு மேலே எழுந்தது.