மினுமினுப்பு

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு
ராத்திரி எட்டு மணிக்கு
என்னிடம் பதினோரு பதில்கள் இருந்தன.
பதினொன்றிலும் நான் கடின உழைப்பாளி.
ஒன்றில்கூட
சாயப்பட்டறை லேபில் ஆறு வருசம்
ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தவள் இல்லை.

எதிர்க்கட்டிலில் நவமணி
கால் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே கேட்டாள்:
"ஏனுங் மேடம், உங்க பலவீனம் என்னுங்?"
"எதையும் கச்சிதமாகச் செய்து முடிப்பது."
"அட, போ புள்ள."
விளக்கை அணைத்துவிட்டாள்.

அவிநாசி ரோட்டில் லாரிகள் மட்டும்.
இருட்டில் எழுந்து
காலரை மறுபடி தேய்த்தேன், மூன்றாம் தடவை.
கருநீலத்தில் சூடு கூடினால் மினுமினுப்பு ஏறும்,
அப்புறம் எந்தத் தண்ணிக்கும் இறங்காது.
ஊருக்கே இதைச் சொல்கிறவள் நான்.
ஒயரைப் பிடுங்கினேன், சித்த நேரம் கழித்து.

பின்னல் துணியை இழுத்துப் பார்ப்போம்.
விட்டால் பழைய அளவுக்கு வரணும்.
ஒரேயடியாய் இழுத்தது வராது,
தொளதொளவென்று நிற்கும்
யாருடைய அளவுமில்லாமல்.

பையில் சான்றிதழ், இரண்டு நகல், பேனா.
கம்பெனியைப் பற்றி அரைத்தாள்.
போன வேலையை ஏன் விட்டேன் என்பதை
மனப்பாடம் செய்யவில்லை.
வருகிறபடி வரட்டும்.

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள்.
அவர் கண் என் காலரில் ஒரு நொடி நின்றது.
துணிக்காரர்.

"தேய்ச்சது கூடிப்போச்சுங்க" என்றேன்.

சிரித்தாரா, தெரியவில்லை.
உட்காரச் சொன்னார்.