மூன்று பத்து

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்,
பால் குளிரூட்டும் நிலையத்தின் மாடிப்படிக்கு அடியில்
எங்கள் சர்வர்.
மேலே ஒரு ஃபேன், ஃபேனுக்குப் பின்னால் ஒரு பல்லி.
பல்லிக்குக் கடவுச்சொல் தேவையில்லை.
மூன்றாம் படியில் நின்றால் போனில் கேரளா டவர் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை நிர்வாகப் பலகைக்குப் புதுப் பதிப்பு வந்தது.
ரீஸ்டார்ட் பட்டனைத் தூக்கி
வலப்பக்கம் மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.
என் விரல் இன்னும் கீழேதான் தேடுகிறது.
இரவு நிறம் என்று ஒன்று. அமுக்கியதும் திரை கறுக்க,
செயலாளர் குழந்தைவேலு எட்டிப் பார்த்து
"கரண்ட் போயிருச்சுங்களா அம்மணி?" என்றார்.
வட்டு எவ்வளவு நிறைந்தது என்பதற்கு வண்ணம் உண்டு:
எழுபத்தெட்டு, ஆரஞ்சு.
பால் ஊற்ற ஊற்றக் கேனின் சத்தம் மாறுமே,
அதைப் படமாகப் போட்டதுபோல.

தமிழும் வந்திருக்கிறது.
'குழந்தைகளையும் சேர்த்துக் கொல்' என்று
ஓடும் செயல்களுக்கு எதிரே ஒரு வரி.
செயலாளர் பார்க்கும்முன் பக்கத்தை மாற்றினேன்.

மாற்றிய பக்கம்: பயனர்கள்.

முன்பு வெறும் பெயர்ப்பட்டியல்.
இப்போது பெயருக்கு நேரே கடைசி வருகை.
நான், நேற்று மாலை ஆறு நாற்பது.
தணிக்கைக்காரர், போன மார்ச்.
சுகதன், இன்று அதிகாலை மூன்று பத்து.

சுகதன் வேலையை விட்டுப் பதினான்கு மாதம்.
போனஸ் தகராறு.
மங்கலம் டாம் பக்கம் மாமனாருக்கு ரப்பர் வெட்டப் போய்விட்டான்.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
மூன்று மணிக்கே மரத்தடியில் நிற்கும் வேலை.
போகிற அன்று சாவியை மேசையில் வைத்து
"எல்லாம் அதில உண்டு" என்றான்,
எதில் என்று சொல்லவில்லை.

வரியைத் தொட்டால் விரிகிறது. அதுவும் புதுசு.
மூன்று பத்து, உள்ளே.
மூன்று பதினொன்று, கொழுப்புக் கணக்குச் சேவை நிறுத்தம்.
மூன்று பதினொன்று, துவக்கம்.
மூன்று பன்னிரண்டு, வெளியே.
முந்தின நாளும் இதேதான். அதற்கு முந்தின நாளும்.
திருவோணத்தன்று பத்து நிமிடம் தாமதம்.
மழைக்கு ரப்பர் வெட்டு கிடையாது;
ஜூனிலும் வந்திருக்கிறான்.

ஐந்தரைக்கு முதல் கேன் இறங்கும்போது
கணக்கு ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை.
என் கைராசி என்றார்கள்.
ஆயுதபூசைக்குச் சர்வருக்குப் பொட்டு வைத்தேன்.
சம்பளத்தில் ஐநூறு கூடியது அந்தக் கைராசிக்குத்தான்.

பெயரின் ஓரத்தில் சிவப்பாக, முடக்கு.
விதி எனக்குத் தெரியும்: ஆள் போனால் அவன் கணக்கும் போகவேண்டும்.
மூடவேண்டியவள் நான், பதினான்கு மாதம் முன்பே.
ஒரு லிட்டர், ஒரு பைசா எதையும் அவன் தொட்டதில்லை.
அதையும் மதியச் சோறு ஆற ஆற
வரிவரியாகப் பார்த்துவிட்டேன்.

முடக்கவில்லை, அன்று.
நேரம் குறித்து வேலை வைப்பதற்கு
முன்பெல்லாம் நட்சத்திரக் குறிகளை எண்ணி எண்ணிப் போடணும்.
இப்போது ஒரு கடிகாரம். முள்ளை இழுத்தால் போதும்.
மூன்று ஐந்தில் விட்டேன்.

மறுநாள்
மூன்று ஐந்து, நிறுத்தம், துவக்கம். செய்தவர்: அமைப்பு.
மூன்று பத்து, சுகதன், உள்ளே.
மூன்று முப்பத்தேழு, சுகதன், வெளியே.
நடுவில் ஒன்றுமில்லை.
இருபத்தேழு நிமிடம்.
அதற்குள் எத்தனை மரம் வெட்டலாம், எனக்குத் தெரியாது.

அதற்கடுத்த நாள் அவன் வரவில்லை.
அதற்கும் அடுத்த நாள், ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தேன்,
இல்லை.

வெள்ளிக்கிழமை சிவப்பை அமுக்கினேன்.
உறுதியா என்றது.
காரணம் எழுத ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறார்கள்,
வெறுமனே விட்டால் மேலே போகாது.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.