மூன்றாவது பகுதியைத் தொடாதே

திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளில்
நானேதான் எழுதி வைத்திருக்கிறேன், பச்சை மையில்:
மூன்றாவது பகுதியைத் தொடாதே.

செர்க்னிட்சாவில் பிப்ரவரி.
ஆய்வு நிலையத்தின் கூரைத் தகரத்தைப்
பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது பூர்யா காற்று.
நேற்றைய அப்டேட்டுக்குப் பிறகு கணினி எழவில்லை.
கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு
மினுக் மினுக்கென்று,
குற்றம் என்னுடையது என்பதுபோல.

இயங்குதளம் போனால் போகட்டும்.
அது பென்டிரைவில் கிடைக்கிற சரக்கு.
பதினோரு வருஷத்துக் குகைகள் அப்படியா?
எந்தப் பிளவில் இறங்க எத்தனை முழம் கயிறு,
எந்தக் குளத்தில் கண்ணில்லாத அந்த வெளிறிய உயிர்
எந்த இரவில் எத்தனை முட்டையிட்டது.
அதைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு விற்க
ஆள் இருக்கிறது.
அதனால்தான் பூட்டினோம்.

பூட்டியவள் நான். சாவி என் தலைக்குள்.
"உன்மேல் ஒரு லாரி ஏறினால், ஸ்லாவ்கா?"
என்பான் லுட்விக்.
ஏறாது என்பேன்.

முழு வட்டையும் அழித்துவிடலாமா?
இதுதான் முதல் கேள்வி.
அப்படிச் செய்வதே நல்லதென்று
விருந்துக்கு அழைப்பதுபோல் உபசாரம் வேறு.

வேண்டாம், கையாலேயே பிரித்துக்கொள்கிறேன்.
முதல் பகுதி, அழி.
இரண்டாவது, அழி.
மூன்றாவதன் எதிரே ஒரு சின்னக் கட்டம்,
அதில் ஒரு டிக் விழுந்தால் கதை முடிந்தது.
மவுஸ் பிடித்த கையை
மற்றக் கையால் பிடித்துக்கொள்கிறேன்.

கடவுச்சொல். இருபத்தாறு எழுத்து.
தவறு.
மெதுவாக, ஒவ்வொன்றாக. தவறு.
தவறு.

வயிற்றுக்குள் ஏதோ இறங்குகிறது
கயிறு கட்டாமல்.
மறந்துவிட்டேனா? விரல்களுக்குத் தெரியுமே.
நாக்குக்குத்தான் தெரியாது, ஒருநாளும் உச்சரித்ததில்லை.
பின்னால் நின்று தேநீரை ஊதுகிறான் லுட்விக்,
லாரியைப் பற்றி எதுவும் சொல்லாமல்.

"திரும்பி நில்" என்றேன். நின்றான்.
வெற்றுப் பக்கம் ஒன்றில் அதே சொல்லை
கண்ணுக்குத் தெரியும்படி அடித்துப் பார்த்தேன்.
இசட் அடித்த இடத்தில் ஒய்.
தொப்பி போட்ட எங்கள் எழுத்துகள் இருக்கவேண்டிய இடத்தில்
ஏதோ ஒரு அடைப்புக்குறி.
அட மடச்சி!
விசைப்பலகை அமெரிக்காவில் இருக்கிறது,
நீ இங்கே இருக்கிறாய்.

மொழியை மாற்றினேன்.
திறந்தது.

வேறு பெயரில் திறந்தது.
பூட்டிக் கிடந்தவரை வெறும் எண்,
திறந்ததும் பட்டியலில் புதிய வட்டுபோல் வேறொரு பெயர்.
லுட்விக் சிரித்துவிட்டான்.
எங்கள் ஆறும் இதைத்தானே செய்கிறது,
ஒரு பெயரோடு மலைக்குள் போய்
இன்னொரு பெயரோடு வெளியே வருகிறது.
தண்ணீர் ஒன்றுதான்.
சாயம் கலந்து பார்த்திருக்கிறோம்.

மறுதொடக்கம். சொல்லைக் கேட்கவே இல்லை,
கோப்புகள் இருந்த இடம் துடைத்துவிட்டதுபோல்.
ஒரு நிமிஷம் உயிர் இல்லை எனக்கு.
அப்புறம்தான் தெரிந்தது,
மூன்றாவதைப் பற்றி ஒரு வரி
எழுதிச் சேர்க்காமல் விட்டிருக்கிறேன்.
சேர்த்தேன். கேட்டது. அடித்தேன்.
குகைகள் எல்லாம் இருந்தன, ஈரத்தோடு.

மஞ்சள் தாளில் இடம் பார்த்து எழுதினேன்:
முதலில் விசைப்பலகை.
பிறகு இருபத்தாறு எழுத்தையும் வேறொரு தாளில் எழுதி
உறையிலிட்டு ஒட்டி
லுட்விக்கிடம் நீட்டினேன்.

"இப்போது திறக்கலாமா?"
"லாரி வரட்டும்."