நூற்று நான்கு படிகள்

ரயிலுக்கு இன்னும் ஏழு மணி நேரம்.
ரெஜினாள் அண்ணிக்கு முட்டிவலி.
பார்க்க வேண்டியவை பதினொன்று என்று
ஓட்டல்காரன் வட்டம்போட்டுத் தந்த
மர்சேய் வரைபடம் என் கையில்.

பழைய துறைமுகத்துக் கண்ணாடிக் கூரையில்
தலைகீழாகத் தொங்கினோம்.
"அங்கேயும் குண்டாத்தான் இருக்கேன்" என்றாள்.
மீன்காரி சங்கரா மாதிரி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.
அண்ணி செவுளைப் பிரித்து
"நேத்து மீனு" என்றாள், தமிழில்.
மீன்காரிக்குப் புரிந்துவிட்டது.
அவள் திட்டியது எங்களுக்கும் புரிந்தது.

குன்றின்மேல் மாதா கோயில்.
வெளிச்சுவரில் சண்டைக்காலக் குண்டுகளின் அம்மைத் தழும்பு.
உள்ளே கூரையிலிருந்து
குட்டிக் குட்டிக் கப்பல்கள் தொங்கின,
கரைசேர்ந்தவர்களின் நேர்ச்சை.
சலவைக்கல் முழுக்க நன்றி, நன்றி,
ஒன்றில் வெறும் தேதி.
கரைசேராதவன் எங்கே கல் பதிப்பான் என்றேன்.
அண்ணி மெழுகுவர்த்திக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.

கடைவளாகத்தின் முதுகுப்புறம்
கிரேக்கர்களின் துறை.
கப்பல் கட்டிய கல்லுக்குக் கீழே புல்,
புல்லில் ஒரு பையன் தூங்குகிறான்,
கடல் எப்போதோ எழுந்து போய்விட்டது.
சிறைத்தீவுக்குப் படகு இல்லை, காற்றாம்.
கோட்டையை நடந்தே விட்டுவிட்டோம்.

பிறகு ஸ்டேஷன் படிகள்.
ஐம்பதோ என்னவோ எண்ணியதும்
அண்ணி உட்கார்ந்துவிட்டாள்.
பக்கத்தில் கல்லில் ஒருத்தி
சாய்ந்து படுத்திருந்தாள், முழு ஓய்வில்.
"யாரு இவ?"
பொறித்திருந்ததைப் படித்தேன்:
ஆசியக் காலனிகள்.

"அப்படின்னா?"
"நாமதான் அண்ணி."

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.
சைகோனில் குமாஸ்தா வேலை போய்
டிரங்குப் பெட்டியும் மூன்று பெண்களுமாக
அவள் அப்பா வந்து இறங்கியது இந்த ஊரில்.
கைக்குழந்தை அண்ணி.
கூலி கேட்ட காசு இல்லாமல்
பெட்டியை அவரே தூக்கி ஏறினாராம்,
இதே படி.

"இப்படிப் படுக்க எங்கம்மாவுக்கு எப்ப நேரம் இருந்துச்சு?"
என்று கேட்டுவிட்டு
கல்காரியின் நிழலில் செருப்பைக் கழற்றி
முட்டிக்குத் தைலம் தேய்த்தாள்.
புறா ஒன்று இருவரையும் பார்த்தது.

வரைபடத்தில் இந்த இடத்துக்கு வட்டமில்லை.
பேனாவை எடுத்தேன்.
"அதெல்லாம் வேணாம்,
கையைக் கொடு" என்றாள்.