எங்கள் வேட்பாளர்

எங்கள் வேட்பாளர் கட்சி தாவாது.
மாடியே தாவாதது கட்சியா தாவும்?
செந்தூல், பி புளோக், பதினேழு மாடி.
ஆறுக்கும் ஏழுக்கும் இடையில்
தைப்பூசத்துக்கு மறுநாள் நின்ற லிஃப்ட்
தீபாவளி கழிந்தும் நிற்கிறது.
தேர்தலில் நிற்க
இதைவிட யாருக்கு அனுபவம்?

யோசனை என்னுடையதல்ல.
பதினைந்தாம் மாடி தனபாக்கியம் அக்கா
கேஸ் சிலிண்டரைப் பத்தாம் மாடிப் படியில் இறக்கி
அதன்மேலேயே உட்கார்ந்து சொன்னார்:
"நாடாளுமன்றத்துக்கு அனுப்புங்கய்யா இத.
அங்கயும் சும்மாதான் நிக்கும்.
ஆனா சம்பளம் கேக்காது."

அன்று ராத்திரியே கட்சி பிறந்தது,
மாமாக் கடையில், நாலு தே தாரேக்கு நடுவில்.
தலைவர் டயர் கடை ஆ சூன்.
பொருளாளர் நாசி லெமாக் விற்கும் காக் சுரைனா;
சில்லறை எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.
நான் கொள்கைப் பரப்புச் செயலாளர். காரணம்,
மார்க்கர் பேனா என்னிடம்தான் இருந்தது.

படிக்குப் படி எழுதி ஒட்டினேன்:
'எங்களிடம் வாக்குறுதி இல்லை. பொத்தானை அமுக்கிப் பாருங்கள்.'
'எல்லா இனத்தையும் ஒன்றாக நடக்கவைத்த ஒரே தலைவர்.'
இரண்டாவது சத்தியம்.
ஐந்தாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கும்போது
மூன்று மொழியிலும் ஒரே கெட்டவார்த்தைதான்.

சின்னம், கீழ்நோக்கிய அம்பு.
"மேல போற அம்பு போடலாமே" என்றான் ஒரு பொடியன்.
"பொய் சொல்லக் கூடாது லா" என்றார் ஆ சூன்.

வைப்புத்தொகை பத்தாயிரம் வெள்ளி.
மைலோ டின் குலுக்கியதில் விழுந்தவை:
நூற்று எண்பத்து மூன்று வெள்ளி நாற்பது காசு,
ஒரு சிங்கப்பூர் நாணயம், ஒரு சட்டைப் பொத்தான்,
'சம்பளம் வந்ததும் தருகிறேன்' என்றொரு சீட்டு.
மனுவில் தந்தை பெயர் கேட்டிருந்தது.
உள்ளே தகட்டில் கண்ட கம்பெனியின் பெயரை எழுதினோம்.
எடை என்ன என்று யாரும் கேட்கவில்லை;
கேட்டிருந்தால் தெரியும், பதின்மூன்று பேர் அல்லது தொள்ளாயிரம் கிலோ.
முகவரியில்தான் அடிதடி:
ஆறா, ஏழா?

அப்போது வந்தார் அசல் வேட்பாளர்.
பட்டு பாத்தேக் சட்டை, பன்னிரண்டு கார்,
கொம்பாங் அடிக்க ஒரு குழு.
எங்கள் பேனரைப் பார்த்தார்.
பேனரைப் படம்பிடிக்கும் கேமராக்காரனைப் பார்த்தார்.
கைபேசியில் யாருக்கோ ரெண்டே வார்த்தை.

ஒன்பது மாதம் வராத உதிரிப் பாகம்
விடிவதற்குள் வந்து மாட்டிக்கொண்டது.
புது விளக்கு, புதுக் கண்ணாடி,
மூன்று சுவரிலும் அவர் சிரிப்பு.
எங்கள் வேட்பாளர்
மாடிக்கு மாடி தாவியது, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.
என்னைக் கண்டதும் கதவைத் திறந்து
யாரென்றே தெரியாதது போல் மூடிக்கொண்டது.

ஆ சூன் கட்சியைக் கலைத்தார்.
மைலோ டின் காசுக்கு எல்லோரும் நாசி லெமாக் தின்றோம்;
விற்றது பொருளாளர்; விசாரணைக் கமிஷன் கிடையாது.
தனபாக்கியம் அக்கா மட்டும் மூன்று நாள் படியேறினார்.
"துரோகிகூட எனக்கென்ன பேச்சு?"
நாலாம் நாள் பத்துக் கிலோ அரிசி வாங்கினார்.
கொள்கை, பாவம், பத்துக் கிலோ தாங்கவில்லை.

அவர் ஜெயித்தார். நானும் போட்டேன்,
மறைப்பானேன், விரலில் மை இன்னும் இருக்கிறது.

இன்றோடு பதினோரு நாள்.
இதை எழுதுவது லிஃப்டுக்குள்ளிருந்து.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்,
இரண்டு கிலோ வெங்காயமும் ஒரு டப்பா ஐஸ்கிரீமுமாக.
அபாய மணியை அமுக்கினேன். அது ஓய்வில் இருக்கிறது.
சுற்றிலும் மூன்று பேராய் அவர் சிரிக்கிறார்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம்.
"உள்ள யாரு?" தனபாக்கியம் அக்கா குரல்.
"நான்தான் அக்கா. கொள்கைப் பரப்பு."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
சிலிண்டர் தரையில் இறங்கும் ஓசை.

"எந்தக் கட்சி?"

யோசிக்கிறேன்.
ஐஸ்கிரீம் சொட்டுகிறது.