அடிவாரம்

ஏற்காட்டில் மலர்க்கண்காட்சி, கிளம்பு என்றேன்.
கண்காட்சி முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது.
அவளுக்கு மாதங்கள் போய் வெகுநாள்.
கத்திரிப்பூ நிறச் சேலையை எடுத்துக்
கொசுவத்தை முதுகுப் பக்கம் செருகினாள்.
அவிழ்த்துக் கட்டிவிட்டேன்.
முந்தானை எந்தத் தோளில் என்று
எனக்கே ஒருமுறை குழம்பியது.

அஸ்தம்பட்டி ரவுண்டானாவில்
“தண்ணி பாட்டில் எடுத்தீங்களா?” என்றாள்,
பழைய குரல், பழைய அதட்டல்.
வண்டியைத் திருப்பப்பா என்று
வாய்வரைக்கும் வந்துவிட்டது.
கோரிமேடு தாண்டுவதற்குள்
“நீங்க எந்த ஊரு?” என்றாள்.

மலைக்குக் கொண்டை ஊசி வளைவு இருபது.
முதல் வளைவுக்கு முன்னாலேயே,
சோதனைச்சாவடிக் குரங்குகளுக்கும் இந்தப் பக்கமே,
வண்டி இடதுபுறம் திரும்பிப்
பச்சை கேட்டுக்குள் நுழைந்தது.
“மலை எங்கே?”
எதிரில்தான் நின்றது, இடுப்புக்கு மேல் மேகமாக.
காட்டினேன்.
“அங்கே போகலையா?”
“போலாம். கொஞ்சம் உட்கார்ந்துட்டு.”

பெயர், சௌடேஸ்வரி. வயது, அறுபத்தெட்டு.
அழைத்து வந்தவர், கணவர்.
பேசும் மொழி என்ற கட்டத்தில் பேனா நின்றது.
தமிழ் என்று எழுதி அடித்தேன்.
நாற்பத்துமூன்று வருடம்
என்னோடு தமிழில்தான் சண்டை போட்டாள்.
இந்தத் தையிலிருந்து
அம்மாபேட்டைத் தறி வீட்டில்
அவள் அம்மாவோடு பேசிய கன்னடம்.
தமிழ் எப்போதாவது, விருந்தாளி மாதிரி
வந்து தலைகாட்டிவிட்டுப் போகும்.
பசியா, வலியா, பாத்ரூமா என்று
முகம் பார்த்து நான் ஊகித்ததில்
பாதிக்கு மேல் தப்பு.

எட்டு நைட்டி. ஒவ்வொன்றின் கழுத்துப்பட்டியிலும்
பதினாலு என்று எழுதித் தரச் சொன்னார்கள்.
எழுதினேன்.
“நகை வேண்டாம் சார். நாங்க பொறுப்பெடுக்க முடியாது.”
வளையல் வந்தது. தோடு வந்தது.
தாலிக்கொடியில் கை வைத்தபோது கத்தினாள்.
எவனோ ஓர் ஆம்பளை கழுத்தைத் தொடுகிறான் என்று
எனக்குத் தெரியாத மொழியில் அவள் கத்தியது
எனக்கு முழுக்கப் புரிந்தது.

தாளவாடிப் பெண், நாகவேணி, நர்ஸ்,
மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு இருக்கும்.
காதோடு ஏதோ சொன்னாள். இவள் சிரித்தாள்.
சிரிக்கும்போதே கழற்றிவிட்டு
ஒரு மஞ்சள் கயிறு கொண்டுவந்து
அவளே மூன்று முடிச்சுப் போட்டாள்.
நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன்.
வெளியே ஏற்காடு பஸ் ஒன்று
கியர் மாற்றிக்கொண்டு ஏறியது.

கூட்டுறவு வங்கியில் முப்பத்துநாலு வருடம் காசாளர்.
அடகு நகையைத் திருப்பிக் கொடுத்து
எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கியிருப்பேன்.
கொடி ஒன்று, குண்டு நாலு, ஐந்தேகால் பவுன்,
பெற்றுக்கொண்டேன்.

பிறகு நாகவேணி கையை நீட்டிப்
“பன்னி” என்றாள்.

அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும்.
ரிஜிஸ்டர் கல்யாணம் முடித்து ஆறு மாதம் கழித்து
முதல்முதலாக அவள் வீட்டு வாசலுக்குப் போனபோது
மாமியார் என்னைப் பார்த்துப் “பன்னி” என்றார்.
முகம் சுண்டி நின்றுவிட்டேன்.
தறிக்குழியில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.
“அய்யோ, வாங்கன்னு அர்த்தம்ங்க” என்று
கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு எழுந்தாள்.
கைப்பையை என்னிடம் கொடுத்தாள்,
சேலைக்கடைக்குள் நுழையும்போது கொடுப்பாளே
அப்படி, முகம் பார்க்காமல்.
போனாள்.

அன்றிரவு ஒன்பது மணிநேரம் தூங்கினேன்.
இரண்டு வருடத்தில் முதல் தடவை.
போனில் மகனிடம் சொல்லவில்லை.

பால்காரரின் ஹாரனுக்கு விழித்து
கேட்டுக்குப் போனால் பூட்டு.
நான்தான். பழக்கத்தில்
உள்பக்கம் பூட்டி, சாவியை
அவளுக்குத் தோன்றாத இடத்தில் போட்டிருக்கிறேன்.
அரிசி டிரம்முக்குள்
முழங்கைவரை விட்டுத் துழாவுகிறேன்.
“சார், இருக்கீங்களா?”
“இருக்கேன்ப்பா, இருக்கேன்.
வர்றேன்.”