குறைந்தது ஒன்று

முதலில் எழுத்துகளைத் தடுத்தாள் சுன்னிவா.
எடை என்று கேட்ட கட்டத்தில்
"நாப்பது இருக்கும், பனிக்கட்டியோட சேத்து"
என்று தட்டியிருந்தார் எய்லெர்ட்.
நிரல் அதைக் கிலோவாக்கப் பார்த்து
அப்படியே விழுந்து செத்தது.
அதிகாலை மூன்று மணிக்கு
பெர்கனில் இவள் தலையணைக்கடியில் போன் அலறியது.

அடுத்தது காற்புள்ளி.
அந்த ஊரில் அரையும் காலும்
காற்புள்ளிக்குப் பின்னால்தான் நிற்கும்.
நிரலுக்கோ முற்றுப்புள்ளிதான் தெரியும்.
தெரியாததை அது விழுங்கிவிட,
எண்ணூற்றுப் பன்னிரண்டரை கிலோ பிடித்த ஒரு சின்னப் படகு
எட்டாயிரத்து நூற்றிருபத்தைந்து கிலோவோடு
மூழ்காமல் கரை சேர்ந்ததாக
மீன்வளத் துறைக்குத் தகவல் போனது.

பிறகு கையுறை.
தடித்த விரல் எட்டை அழுத்தினால் எண்பத்தெட்டு.
மேல்வரம்பு வைத்தாள்.
பிறகு யாரோ,
பக்கத்துப் படகுக்குக் கொடுத்த மூன்று பெட்டியைக் கழிக்க,
மைனஸ் தொண்ணூறு என்று போட்டார்கள்.
மைனஸையும் மூடினாள்.

பூஜ்யத்தை மூடியது ஒரு வெள்ளிக்கிழமை.
பஸ்ஸுக்கு ஆறு நிமிஷம் இருந்தது.
நிரப்பாத கட்டமும் பூஜ்யமும்
அந்த ஆறு நிமிஷத்தில் ஒன்றுபோலத் தெரிந்தன.
"குறைந்தது ஒன்று இடவும்" என்று
சிவப்பில் ஒரு வரி எழுதிவிட்டு ஓடினாள்.

(பூஜ்யம் என்றால் வணங்கத்தக்கது என்றும் பொருள்.
அவள் மொழியில் இல்லை,
இந்தக் கவிதையின் மொழியில்.)

ஜனவரி, போட்ஸ்ஃபியோர்ட்.
நண்பகலிலும் விளக்கு எரியும் துறைமுகம்.
பதினோரு மணி நேரம் கடலில் கிடந்து
காலிப் பெட்டிகளோடு வந்த அஸ்லாக்
கையுறையைப் பல்லால் உருவிவிட்டு
0 என்று இட்டார்.
சிவப்பு.
0,0.
சிவப்பு.
00.
கணக்கை முடிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது.
1.
பச்சை.

வெறுங்கை முழம் போடாது என்பார்கள்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
வெறுங்கை ஒரு கிலோ போட்டது.

மார்ச்சில், மீன்களை எண்ணும் அலுவலகத்திலிருந்து
டூர்பியோர்க் கேட்டாள்:
இருநூற்றுப் பன்னிரண்டு தடவை
சரியாக ஒரு கிலோ.
அங்கே ஏதாவது பந்தயம் நடக்கிறதா?
தலையைக் கொண்டுவருகிறார்களா, வாலையா?

சுன்னிவா வடக்கே அழைத்தாள்.
"உன் பெட்டி கேட்டுது, குடுத்தேன்" என்றார் அஸ்லாக்.
பின்னால் எங்கோ பனி வாரும் வண்டியின் சத்தம்.
"நெசத்தத்தான் மொதல்ல சொன்னேன்.
மூணு தடவ."

போனை வைத்த பிறகு
இருநூற்றுப் பன்னிரண்டையும் திரையில் உருட்டிப் பார்த்தாள்.
எழுத்து இல்லை. இடைவெளி இல்லை.
மேல்வரம்புக்குக் கீழே, கீழ்வரம்பின் மேலேயே.
எல்லாச் சோதனையிலும் தேறியவை.
நடக்கவில்லை, அவ்வளவுதான்.

பெரிது என்ற குறியின் பக்கத்தில்
சமம் என்ற குறி ஒன்றைச் சேர்த்தாள்.
எண்களைப் படிக்கும் வரிகளுக்கு மேலே
இயந்திரம் படிக்காத ஒரு வரி:
கடல் சில நாள் எதுவும் தராது.

மிச்சம், பழைய கணக்கு.
எல்லா ஒன்றையும் பூஜ்யமாக்கிவிடலாமா என்று
படகுக்காரர்கள் அனைவருக்கும் எழுதினாள்.
ஆக்கு, ஆக்கு என்றே பதில்கள் வந்தன.
ஒருத்தி மட்டும்,
யோர்டிஸ், ஆறரை மீட்டர் படகு:

"பிப்ரவரி ஒம்பதாம் தேதிய மட்டும் தொடாத.
அன்னைக்கு ஒரே ஒரு மீன்.
தராசுல வச்சுப் பாத்தேன், சரியா ஒரு கிலோ.
உருளைக்கிழங்கு போட்டு
சாப்பிட்டும் முடிச்சாச்சு."